சுமத்ரா மலைக்கிராமத்துல காப்பித் தோட்டம், கூட்டாளி பேர்ல வாங்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கம்பைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சு ஒரு வழி சொல்லுங்க.

பொறந்தது தட்டோன் பக்கம் ஒரு கிராமம், இப்ப ரங்கூன்ல கம்பையில இருக்கோம். பதினோரு வருஷம் மலேசியாவுல கிள்ளான்ல பிளாஸ்டிக் பேக்டரியில வேலை பாத்தேன். ஹாஸ்டல்ல எனக்கு மேல் கட்டில்ல படுத்திருந்தவர் சுமத்ராக்காரர், பத்தாக் இனத்து ஆளு, ஏழு வருஷம் ஒரே ரூம், எனக்கு டெங்கு வந்தப்ப லீவு போட்டுட்டு பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினவர். கூடப்பொறந்தவன் மாதிரின்னு சும்மா சொல்லல. அவர் ஊரு தோபா ஏரிக்கு தென்மேக்க டோலோக் சங்குல்னு ஒரு டவுன், அங்கேருந்து இன்னும் மலைக்குள்ள போகணும், பஸ் கிடையாது, பைக்கு இல்லன்னா தெரிஞ்சவங்க பிக்கப்பு.

இப்ப அவர் ஊரோட போய் செட்டில் ஆயிட்டார். அவரோட பெரியப்பா ரெண்டு ஹெக்டேர் விக்கிறாராம், பாதி காப்பி, பாதி சாம்பிராணி மரம். ஆமா, நம்ம வெள்ளிக்கிழமை வீட்டுல போடுற அதே சாம்பிராணிதான், அங்க கெமென்யான்னு சொல்றாங்க, அது அந்த மலையில விளையுதுன்னே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். விலை 15 கோடி ருப்பியா, மலேசியக் காசுல நாப்பதாயிரம் வெள்ளிக்குப் பக்கம். என்கிட்ட இருக்குறதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அது இன்னும் மலேசியாவுலதான் கெடக்கு. அவர் சொல்றது என்னன்னா, வெளிநாட்டுக்காரன் பேர்ல எழுத முடியாது, அதனால என் பேர்ல எழுதிக்கலாம், நமக்குள்ள தனியா ஒரு பேப்பர் போட்டுக்கலாம், விளைச்சல்ல பாதிப்பாதி, நீயும் குடும்பத்தோட இங்கயே வந்துரு, வீடு கட்டிக்கலாம்னு.

எனக்கு 47 வயசு. பொண்டாட்டிக்கு பாதி மனசு. அவ மாட்டுக்கறி பன்னிக்கறி தொடமாட்டா, அதுதான் அவளுக்கு முதல் கவலை. எனக்கு என்ன கவலைன்னா இங்க இருக்குற நெலமைக்கு எங்கயாவது ஒரு துண்டு மண்ணு நமக்குன்னு இருக்கணும்னு ஒரு தவிப்பு, அதனாலயே தப்பா முடிவெடுத்துருவேனோன்னு பயம். விசா எப்படி, அங்க போய் வர வழி எப்படி, இந்த மாதிரி பேப்பர் செல்லுமா, உள்நாட்டுக் கிராமத்துல நம்ம மாதிரி ஆளுங்க இருக்க முடியுமா, யாராவது போயிருந்தா எதையும் மறைக்காம சொல்லுங்க.


தாம்வே_தம்பி:

அண்ணே டெங்குல கஞ்சி ஊட்டினவரை நம்பலன்னா வேற யாரை நம்புறது. எங்க சித்தப்பா தாய்லாந்துல அவர் சம்சாரம் பேர்லதான் கடை வச்சிருக்கார், இருபது வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. இங்கயும் நம்ம ஆளுங்க பாதிப்பேரு அப்படித்தானே காலத்த ஓட்டுனாங்க. காப்பி விலையும் இப்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க. துணிஞ்சு இறங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன்.


சிரியத்துக்காரன்:

கம்பை அண்ணே, நான் கப்பல்ல ஓடிக்கிட்டிருந்தப்ப சுமத்ராவுல பெலாவான் துறைமுகத்துல எறங்கி மேடான்ல ஒரு தமிழ்ப் பொண்ணைக் கட்டினவன். மாமனார் வீடு கம்போங் மெட்ராஸ்ல, 1880கள்ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கே அங்கேருந்து நடந்து போற தூரம். வருஷத்துல பாதி அங்கதான் இருக்கேன், அதனால இந்த நெலம் விஷயத்துல நான் பட்டதை வச்சு சொல்றேன்.

இந்தோனேசியாவுல 1960ல போட்ட நிலச்சட்டம், அஞ்சாம் நம்பர் சட்டம்னு சொல்லுவாங்க, அதுல முழு உரிமைக்குப் பேரு ஹாக் மிலிக். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதே சட்டத்துல 26வது பிரிவுல ரெண்டாவது உட்பிரிவை உங்க கூட்டாளியைப் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. வெளிநாட்டுக்காரனுக்கு நேராவோ சுத்திவளைச்சோ ஹாக் மிலிக்கை மாத்திவிட்டா அது செல்லாது, நெலம் அரசாங்கத்துக்குப் போயிரும், கொடுத்த காசையும் திருப்பிக் கேக்க முடியாது. மூணும் அதுல இருக்கு. அப்ப நீங்க "தனியா ஒரு பேப்பர்" போட்டீங்கன்னா அந்தப் பேப்பர் உங்களுக்கு சாட்சி இல்ல, உங்களுக்கு எதிரான சாட்சி. கோர்ட்டுல அதைக் காட்டுன அன்னைக்கே நீங்க சட்டத்தை ஏமாத்துனீங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

வேற உரிமைங்க இருக்கு, இல்லன்னு சொல்லல. ஹாக் பாக்காய்னு ஒண்ணு, உபயோகிக்குற உரிமை, வீட்டுக்கு 30 வருஷம், அப்புறம் 20 வருஷம் நீட்டிப்பு, அப்புறம் 30 வருஷம் புதுப்பிப்புன்னு 2021ல வந்த விதியில இருக்கு. ஆனா அதுக்கு இமிகிரேஷன் பேப்பரெல்லாம் சரியா இருக்கணும், வீட்டோட குறைஞ்சபட்ச விலைன்னு மாகாணம் மாகாணமா ஒரு தொகை வச்சிருக்காங்க, மலைக்கிராமத்து காப்பித் தோட்டத்துக்கு அது பொருந்தாது. கம்பெனி ஆரம்பிக்கலாம்னா வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு ஆயிரம் கோடி ருப்பியாவுக்கு மேல முதலீடு காட்டணும். டாலர்ல பாத்தா ஆறு லட்சம் பக்கம். சின்னத் தொழிலெல்லாம் உள்ளூர்க்காரங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிட்டாங்க. அங்க முதலுக்கு "மொடால்"னுதான் சொல்றாங்க, நம்ம முதல்ங்குற வார்த்தைதான் அங்க போய் அப்படி ஆயிருக்கு, ஆனா நம்ம கையில இருக்குற முதல் அந்தக் கணக்குக்கு எட்டாது.

தம்பி தாய்லாந்துக் கதை சொன்னாரு. என் கதையைக் கேளுங்க. கட்டுன பொண்டாட்டி பேர்ல வீடு வாங்கவே எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. வெளிநாட்டுக்காரனைக் கட்டுன பொண்ணுன்னா அவ சொத்துல புருஷனுக்கும் பங்குன்னு ஆயிடும், அதனால அவ பேர்லயே ஹாக் மிலிக் நிக்காது, சொத்து தனித்தனின்னு நோட்டரிகிட்ட எழுதிப் பதிவு பண்ணியிருக்கணும். முன்னாடி அதைக் கல்யாணத்துக்கு முன்னாலயே பண்ணணும், ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களும் பண்ணலாம்னு 2016ல கோர்ட்டு வழி விட்டுச்சு, அதனாலதான் நாங்க தப்பிச்சோம். சட்டப்படி கட்டுன பொண்டாட்டிக்கே இந்தப் பாடு. கூட்டாளி பேர்ல போடுறது எவ்வளவு கெட்டியா இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க.

விசா கேட்டீங்க. நம்ம பாஸ்போர்ட்டு ஆசியான் பாஸ்போர்ட்டு, 30 நாள் விசா இல்லாம போகலாம், காசு கிடையாது. ஆனா அதை நீட்டிக்க முடியாது. ஒரு நாள் கூடுனா பத்து லட்சம் ருப்பியா அபராதம், நாள் ஒண்ணுக்கு. அறுபது நாளைத் தாண்டுனா பிடிச்சு அனுப்பிருவாங்க, மறுபடி உள்ள விடமாட்டாங்க. இன்னொன்னு, அந்த 30 நாள்ல தோட்டத்துல கூடையைத் தூக்கிட்டு வேலை செஞ்சா அது வேலைதான், சும்மா ஒத்தாசைன்னு சொன்னா இமிகிரேஷன்காரன் கேக்கமாட்டான். மாசா மாசம் பெனாங் போயிட்டு வந்து முத்திரை வாங்குற ஆளுங்களைப் பாத்திருக்கேன், ரெண்டு மூணு தடவை விடுவாங்க, அப்புறம் தனி ரூமுக்கு கூட்டிட்டுப் போய் கேள்வி கேப்பாங்க. குடும்பத்தோட "செட்டில்" ஆகுறதுக்கு அது வழி இல்ல.


மோல்மீன்_சின்னையா:

சிரியத்துக்காரர் சட்டம் சொல்லிட்டார். நான் வீட்டுக் கதை சொல்றேன், எனக்கு 71 வயசு, டைப் அடிக்க நேரமாகும், பேரன் பாதி அடிச்சுக் குடுக்குறான்.

தாம்வே தம்பி "நம்ம ஆளுங்க பாதிப்பேரு அப்படித்தானே காலத்த ஓட்டுனாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. ஓட்டுனாங்கதான் தம்பி. எப்படி முடிஞ்சதுன்னு யாரும் பிள்ளைங்ககிட்ட சொல்றதில்ல, அதான் வருத்தம்.

எங்க தாத்தா தஞ்சாவூர் பக்கத்துலேருந்து கூலியா வந்தவரு, நாலு மாடு வச்சு வண்டி ஓட்டி சிறுகச் சிறுக சேத்தவரு. கடைசி வரைக்கும் அவர்கிட்ட இருந்தது எப்.ஆர்.சி கார்டுதான், அதாவது வெளிநாட்டுக்காரன் கார்டு. அந்தக் கார்டை வச்சுக்கிட்டு வயலை தன் பேர்ல வச்சுக்க முடியாதுன்னு ஆனப்ப, பக்கத்து வயல்காரர் ஒரு பர்மாக்காரர், தங்கமான மனுஷன், அவர் பேர்ல எழுதி வச்சாரு. ஒம்பது ஏக்கர் நெல்லு, அப்புறம் நாங்க இருந்த வீட்டு மனை. ரெண்டு பேரும் புளியமரத்தடியில உக்காந்து ஒரு வெத்தலைப் பெட்டியிலதான் வெத்தலை போடுவாங்க. 1964 மே மாசம் 50 கியாட் 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அரசாங்கம் அறிவிச்சப்ப எங்க வீட்டு நோட்டை தன் நோட்டோட சேத்துக் கொண்டுபோய் வரிசையில நின்னு மாத்திக் குடுத்தவரும் அவர்தான். ஊர்ல பாதி சனம் கப்பலேறி மெட்ராஸுக்குப் போச்சு, தாத்தா போகல, "எனக்கு வயல் இருக்கு"ன்னு சொன்னாரு.

அந்த மனுஷன் இருந்த வரைக்கும் ஒவ்வொரு அறுப்புக்கும் எங்க பங்கு நெல்லு வண்டியில வீட்டு வாசல்ல எறங்கும். ஒரு மூட்டை கொறைஞ்சதில்ல. அவர் செத்து மூணாவது வருஷம் அவர் மூத்த மகன் வயலை வித்துட்டான். அவன் கெட்டவனும் இல்ல. தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்பு, கடன். அவன் அப்பன் பேர்ல இருந்த வயலு, அவன் வித்தான். எங்கப்பா போய்க் கேட்டப்ப அவன் கண்ணுல தண்ணியோட "எனக்குத் தெரியும், ஆனா என்கிட்ட எந்தப் பேப்பரும் இல்லையே மாமா"ன்னானாம். வீட்டு மனைக்கு மட்டும் ஒரு தொகை குடுத்தான். யார்கிட்ட போய் வழக்குப் போடுறது, போட்டா எங்க பக்கம்தான் தப்பு. 1987ல வந்த சட்டம் இன்னும் தெளிவா சொல்லிருச்சு, வெளிநாட்டுக்காரருக்கு நெலம் வீடு விக்கக்கூடாது, வாடகைக்கு விட்டாலே ஒரு வருஷத்துக்கு மேல கூடாது. அதுக்குப் பிறகு எங்கப்பா அந்தப் பேச்சையே எடுக்கல. வயலு பக்கமா போற பாதையில கூட போகமாட்டாரு, சுத்திப் போவாரு.

இன்னொரு பழைய கணக்கையும் சொல்லிடுறேன். கீழ் பர்மாவுல நெல்லு விளையுற முக்கியமான 13 மாவட்டத்துல 1930ல செட்டியாருங்க கையில இருந்த நெலம் நூத்துக்கு ஆறு பங்கு, 1938ல நூத்துக்கு இருபத்தஞ்சு. அவங்க நெலம் வேணும்னு வாங்கல, நெல்லு விலை விழுந்து கடன் திரும்பாம வந்து சேந்தது. சட்டப்படி அவங்க பேர்லயே இருந்த அந்த நெலமே கடைசியில கையில நிக்கல. ஊர்க்காரன் கண்ணுக்கு அது அவனோட மண்ணு, அவ்வளவுதான். அங்க சுமத்ராவுல உங்க கூட்டாளியோட அண்ணன் தம்பி மக்கள் ரெண்டாவது தலைமுறையில அந்த ரெண்டு ஹெக்டேரை எப்படிப் பாப்பாங்கன்னு யோசிங்க.

உங்க கூட்டாளி மேல எனக்கு சந்தேகமே இல்ல. எங்க தாத்தாவோட கூட்டாளி மேலயும் இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசுனதில்ல.


பெகு_அக்கா:

சின்னையா எழுதுனதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒரு வயல் கதை இருக்கு, அது கிடக்கட்டும்.

தம்பி, நான் பெகுவுல பூஜை சாமான் கடை வச்சிருக்கேன். சாம்பிராணி எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்னு பத்து வருஷ ஆசை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு நீங்க சொல்ற அதே டோலோக் சங்குல் பக்கம் போயிட்டு வந்தேன். மூணு வாரம் இருந்தோம். அதனால மத்ததையெல்லாம் நான் சொல்றேன்.

வழி: ரங்கூன்லேருந்து கோலாலம்பூர், அங்கேருந்து மேடான் குவாலா நாமு ஏர்போர்ட்டு, அது ஒரு மணி நேரப் பறப்புதான். அதுக்கப்புறம்தான் பயணமே. சிபோரோங்போரோங்ல சிலாங்கிட்னு சின்ன ஏர்போர்ட்டு இருக்கு, அது வரைக்கும் பறந்தா டோலோக் சங்குல் கிட்டக்க. நாங்க காசு மிச்சம்னு ரோட்டுல போனோம், வேனை அங்க டிராவல்னு சொல்றாங்க, சியாந்தார், பராபாத், பலிகேன்னு ஏரியை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு போகும், எட்டு மணி நேரம் ஆச்சு, எனக்கு ரெண்டு தடவை வாந்தி. பராபாத் வளைவுல ஏரி திடீர்னு கண்ணுக்கு முன்னால விரியும் பாருங்க, அதுக்காகவே பகல்ல போங்க. மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிரும், அப்ப கையில ரெண்டு நாள் உபரியா வச்சுக்கங்க, திரும்புற டிக்கெட்டை முப்பதாவது நாளுக்குப் போட்டுட்டு ரோடு அடைபட்டா சிரியத்துக்காரர் சொன்ன அபராதம்தான்.

குளிரு. இதை யாரும் சொல்லமாட்டாங்க. இந்தோனேசியான்னதும் நம்ம வெக்கைன்னு நெனைக்கிறோம், அந்த இடம் ஆயிரத்து நானூறு மீட்டர் உசரம், ராத்திரி கம்பளி இல்லாம படுக்க முடியாது, குளிக்குற தண்ணி கையை வெட்டும். ஊருக்குள்ள போனதும் முதல் நாளே ஊர்த்தலைவர், கெபாலா டெசான்னு சொல்லுவாங்க, அவர் வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி சொல்லிட்டு வரணும், வெளியூர் விருந்தாளி வந்தா 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு பல ஊர்ல போர்டே வச்சிருக்காங்க. கரண்டு நம்ம ஊரை விடப் பரவால்ல, ஆனா மீட்டருக்கு முன்கூட்டியே காசு கட்டணும், கடையில டோக்கன்னு ஒரு நம்பர் வாங்கி மீட்டர்ல அழுத்தணும், நாங்க இருந்த வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே அது கீச் கீச்சுன்னு கத்த ஆரம்பிக்கும், சின்னப் பையன் ஓடுவான் டோக்கன் வாங்க. போன் சிக்னல் வீட்டுக்குள்ள இல்ல, சர்ச்சு மேட்டுல நின்னா வரும். ஊரே கிறிஸ்துவங்க, ஞாயித்துக்கிழமை கடை கண்ணி எதுவும் இருக்காது. காய்ச்சல் தலைவலிக்கு புஸ்கெஸ்மாஸ்னு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, பெருசா ஏதாவதுன்னா மேடான்தான், மேடான்காரங்களே பெரிய வைத்தியத்துக்கு பெனாங்குக்கு ஓடுறாங்க. 47 வயசுல அதையும் கணக்குல வைங்க தம்பி.

உங்க வீட்டுக்காரம்மா சாப்பாட்டு விஷயம். பன்னிக்கறி அங்க எல்லா விசேஷத்துலயும் உண்டு, மறைக்கல. ஆனா சொன்னா புரிஞ்சுக்குவாங்க. நான் வெள்ளிக்கிழமை கறி மீன் தொடமாட்டேன்னு சொன்னேன், அந்த வீட்டு அம்மா, இனாங்னு கூப்பிடணும், பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நம்ம மாதிரியேதான், அவங்க ஒரு மர உரலை இழுத்துப் போட்டு மரவள்ளி எலையைப் போட்டு இடிக்க ஆரம்பிச்சாங்க. கூடவே ஒரு கை பச்சையா சின்னக் காய் போட்டாங்க. எடுத்துப் பாத்தா நம்ம சுண்டைக்காய்! அங்க ரிம்பாங்னு பேரு. தேங்காப்பால் விட்டு கொதிக்க வச்சாங்க, எனக்கு அம்மா ஞாபகம் வந்துருச்சு. சம்பல்ல மட்டும் தெராசி போடுவாங்க, எறா அரைச்ச விழுது, நம்ம நப்பி மாதிரிதான், வேணாம்னா முன்னாடியே சொல்லிடணும். டெம்பே, தோஃபு, முட்டை, ஏரி மீனு எல்லாம் கிடைக்கும். அந்தலிமான்னு ஒரு மிளகு, நாக்கு மரத்துப் போகும், முதல்ல பயமா இருக்கும் அப்புறம் விடமுடியாது.

இப்ப சாம்பிராணிக்கு வரேன். ஒரு பெரியவர்கூட மலைக்குப் போனோம், ரெண்டு மணி நேரம் ஏத்தம், அட்டை. காட்டுக்குள்ள மத்த மரத்தோட மரமாத்தான் நிக்குது, தோப்புன்னு வரிசையா இல்ல. அவர் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு மரத்துல ஏறி, முதல்ல ஒரு சுரண்டியால பட்டையில இருக்குற பாசியைத் தொடைச்சார், அம்மை போட்ட பிள்ளைக்கு உடம்பு தொடைக்கிற மாதிரி மெதுவா. அப்புறம் சின்ன உளி மாதிரி ஒண்ணால பட்டையை லேசாக் கீறித் திறந்து, சுத்தி மாதிரி பக்கத்தால தட்டி மூடுனார். அவ்வளவுதான். எறங்கிட்டார். மூணு நாலு மாசம் கழிச்சு வந்தாத்தான் அந்தக் காயத்துல பால் வடிஞ்சு கட்டியாகி இருக்குமாம். ஏற்கனவே பழுத்திருந்த ஒரு காயத்தைத் திறந்து காட்டுனார், பட்டைக்கு உள்பக்கம் வெள்ளையா, பாதாம் பருப்பு மாதிரி கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு. ஒரு துண்டை என் கையில வச்சார். சாயங்காலம் அவங்க அடுப்புக் கங்குல அதைப் போட்டப்ப அந்த மரப்பலகை வீடு முழுக்க நம்ம வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை. அந்த ஜனங்க அந்த மரத்தை ஒரு பொண்ணுன்னுதான் சொல்றாங்க, காட்டுக்குள்ள ஓடிப்போய் மரமா ஆன பொண்ணு, வடியுறது அவ கண்ணீருன்னு. மரம் ஏறுறதுக்கு முன்னால அரிசி மாவுல கொழுக்கட்டை மாதிரி பிடிச்சு எடுத்துட்டுப் போய் கும்பிடுறாங்க.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, அந்த மரம் வாங்குறது தென்னந்தோப்பு வாங்குற மாதிரி இல்ல தம்பி. அந்தப் பெரியவர்கிட்ட இது யாரு மரம்னு கேட்டேன். அவர் தன் பேரைச் சொல்லல, குலத்துப் பேரைத்தான் சொன்னார், அங்க மார்கான்னு சொல்றாங்க. முதல்ல அந்தக் காட்டைத் திருத்துன குலம் எதுவோ அதுக்குத்தான் உரிமை, பொண்ணு கட்டி வந்தவங்களுக்கு உழுதுக்குற உரிமை குடுப்பாங்க, விக்கணும்னா பங்காளிங்க எல்லாரும் உக்காந்து பேசணும். அதுக்கு மேல பல இடத்துல அரசாங்க வரைபடத்துல அது காட்டு நெலம். பண்டுமாஆன், சிபிதுஹுதான்னு ரெண்டு ஊரு, அங்க பக்கத்துலதான், அவங்க தாத்தன் பூட்டன் காலத்து சாம்பிராணிக் காட்டை அரசாங்கம் காகித மரம் வளக்க ஒரு கம்பெனிக்கு குடுத்துருச்சுன்னு வருஷக்கணக்கா போராடி, 2016 டிசம்பர் கடைசியிலதான் ஜனாதிபதி ஜோகோ விடோடோ அவங்க காட்டை அவங்களுக்கே குடுக்குறேன்னு அறிவிச்சார். பொறந்து வளந்தவங்களுக்கே அவ்வளவு காலம் ஆச்சு. உங்க கூட்டாளி பெரியப்பா விக்கிற அந்த ஒரு ஹெக்டேர் சாம்பிராணிக்கு செர்டிபிகாட் இருக்கா, இல்ல ஊர்த்தலைவர் எழுதிக் குடுத்த சீட்டு மட்டும்தானான்னு முதல்ல கேளுங்க. எனக்கென்னமோ சீட்டுதான்னு தோணுது.

காப்பி வேற. காப்பி நெலத்துக்குப் பேப்பர் இருக்கலாம். அங்க சிகாரார் உத்தாங்னு ஒரு காப்பி ரகம், பத்தாக் பாஷையில "கடன் அடைக்கிறது"ன்னு அர்த்தம், சீக்கிரமே காய்ச்சு கடனை அடைச்சிருமாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பழம் பறிச்சு, தோலை உரிச்சு, ஈரமாவே வாரச் சந்தையில கொண்டுபோய் வித்துட்டு, அரிசி, பள்ளிக்கூடக் காசு எல்லாம் அதுல. அந்த வீட்டு இனாங் சொன்னாங்க, காப்பி மாசச் செலவுக்கு, சாம்பிராணி கல்யாணத்துக்கும் பிள்ளைங்க காலேஜுக்கும்னு.


கம்பைவாசி:

என்ன சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி சின்னையா எழுதுனதை பொண்டாட்டிக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன். அவ ஒண்ணும் பேசல, அப்புறம் பேரு கூட தெரியாத ஒருத்தரோட நெலத்துலதான் எங்கப்பா வீடே இருந்துச்சு தெரியுமான்னு கேட்டா. பதினெட்டு வருஷக் கல்யாணத்துல இதை இப்பதான் சொல்றா.

இன்னைக்குக் காலைல கூட்டாளிக்கு போன் போட்டேன். சர்ச்சு மேட்டுக்கு வரச் சொல்லித்தான் பேச முடிஞ்சது, அக்கா சொன்ன மாதிரியே. 26வது பிரிவு பத்தி சொன்னேன். அவருக்கு நெஜமாவே தெரியல, ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கன்னு நெனச்சேன்னார். செர்டிபிகாட் கேட்டேன், காப்பிக்கு இருக்கு, சாம்பிராணிக்கு அக்கா சொன்ன அந்த சீட்டுதான். கொஞ்சம் சங்கடப்பட்டார். நான் உன்னை நம்பலன்னு இல்லன்னு சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

அப்ப நான் காசே போடாம சும்மா இருக்கணுமா, இல்ல வேற ஏதாவது வழி உண்டா? அவருக்கும் பணம் தேவைதான், பெரியப்பா வேற ஆளுக்கு வித்துட்டா அந்தத் தோட்டம் குலத்தை விட்டுப் போயிருமாம்.


சிரியத்துக்காரன்:

நெலத்தை அவர் தனக்காகவே வாங்கட்டும், காப்பி ஒரு ஹெக்டேரை மட்டும். நீங்க அவருக்கு முடிஞ்ச அளவுக்கு கடன் குடுங்க, போனாலும் குடும்பம் தாங்கும்ங்குற தொகை மட்டும், என்னைக் கேட்டா கையில இருக்குறதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேணாம். கடன் பத்திரம் இந்தோனேசியா பாஷையில, நோட்டரி முன்னால, பத்தாயிரம் ருப்பியா மத்தெராய் ஸ்டாம்பு ஒட்டி, அவர் சம்சாரமும் கையெழுத்துப் போடணும், அது முக்கியம். அதுல நெலம் உங்களுதுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. வெறும் கடன், எத்தனை அறுவடையில திருப்புறதுன்னு மட்டும். அது சட்டத்துக்கு உட்பட்டது, பிள்ளைங்க காலத்துலயும் கடன் கடன்தான். காசை பேங்கு வழியா மட்டும் அனுப்புங்க, ஆள் வழியா அனுப்புற ஹுண்டி வேணாம், அனுப்புனதுக்கு ரசீது இருந்தாத்தான் பத்திரத்துக்கு உயிரு.


பெகு_அக்கா:

நானும் அதேதான் சொல்ல வந்தேன். இன்னொன்னும் சேத்துக்கங்க. உங்களுக்கு அங்க வேணும்ங்குறது மண்ணா, இல்ல அந்த ஜனங்களோட ஒரு தொடர்பா? தொடர்புன்னா சாம்பிராணி வாங்கி விக்கிற வழியைப் பாருங்க. பர்மாவுல இருக்குற நம்ம கோயிலுங்களுக்கு, கடைங்களுக்கு வர்ற சாம்பிராணி எத்தனை கை மாறி வருதோ, பாதி தூளு, பாதி கலப்படம். நான் கொண்டு வந்த ஒரு கிலோ கட்டியை கோயில் குருக்கள் மோந்து பாத்துட்டு இது எங்க கிடைச்சதுன்னு மூணு தடவை கேட்டார். மூட்டையா கொண்டுவர எறக்குமதி லைசென்ஸ் வேணும், நான் ஒருத்தி எடுக்க முடியல, நாலு கடைக்காரங்க சேந்து எடுக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். உங்க கூட்டாளி அந்தப் பக்கம் தரம் பாத்து வாங்கித் தந்தா அவருக்கும் வருமானம், உங்களுக்கும். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால, 1088ல, அந்த மலைக்குக் கீழ பாருஸ்ல நம்ம வணிகருங்க ஐந்நூற்றுவர் தமிழ்லயே கல்வெட்டு வெட்டி வச்சிருக்காங்க, அவங்க போனதும் சூடத்துக்கும் இந்த மாதிரி வாசனைச் சரக்குக்கும்தான்.

அதுக்கு முன்னால ஒரு தடவை ரெண்டு பேரும் போய் 30 நாள் இருந்துட்டு வாங்க, அதுவும் மழை காலத்துல, நல்ல காலத்துல போனா எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும்.


மோல்மீன்_சின்னையா:

அக்கா சொல்றபடி செய்ங்க தம்பி. போகும்போது அந்தக் கூட்டாளிக்கு எங்க ஊரு லப்பே, அதான் ஊறவச்ச தேயிலை, ஒரு டப்பா வாங்கித் தரேன், ரங்கூன் வரும்போது குடுத்து விடுறேன்.


கம்பைவாசி:

சின்னையா கண்டிப்பா வாங்கிக்கிறேன். நவம்பர்ல போறதா பேசியிருக்கோம், அவ அக்காகிட்ட கேக்கச் சொன்னா, அங்க ராத்திரிக்கு ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா இல்ல இங்கேருந்தே போர்வையும் எடுத்துக்கணுமா?


பெகு_அக்கா:

ரெண்டும். காலுக்கு உறையும்.